டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தமிழகத்தைச் சேர்ந்த தொழிலதிபர் ஆவார். தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். 1911 ஆம் ஆண்டு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு இவர் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனமே பின்னாளில் டி.வி.எஸ். குழுமமாக வளர்ந்தது.

பேருந்துகளை ஓட்டியதோடு இவர் நின்றுவிடவில்லை. வண்டிகளைப் பேணுவதையும், பழுது நீக்குவதையும், உதிரிப் பாகங்களை வழங்குவதையும் ஒரு முறையான தொழிலாக வளர்த்தார். இவருக்குப் பின் இவருடைய மக்கள் அந்த உதிரிப் பாகங்களை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தனர். அவற்றுள் பிரேக் உறுப்புகள் சிறப்பிடம் பெற்றவை. தாம்பரம் போன்ற புறநகர்களில் ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே தானுந்தின் முன்சக்கர பிரேக் பேடுகளை இன்று மாற்றிக்கொள்ள முடிகிறது. அதற்குப் பின்னணியாக உள்ள தொழிலின் வரலாறு இவரது வாழ்க்கையுடன் நெருங்கிய தொடர்புடையது.

பிறப்பும் தொடக்க வாழ்க்கையும்

சுந்தரம் அய்யங்கார் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள திருக்குறுங்குடியில் 1877 ஆம் ஆண்டு மார்ச் 22 ஆம் நாள் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இவ்வூர் 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகும். இவரது பெயருக்கு முன் உள்ள டி என்னும் எழுத்து இவ்வூரையே குறிக்கிறது.

தந்தையின் விருப்பத்தை ஏற்று முதலில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். அதன் பின்னர் இரயில்வே துறையிலும் வங்கியிலும் பணியாற்றினார். அக்காலத்தில் கல்வி கற்ற குடும்பத்தினர் இத்தகைய பணிகளையே பாதுகாப்பானவையாகக் கருதினர். வணிகம், அதிலும் இயந்திர வண்டிகளைச் சார்ந்த வணிகம், இடர் மிகுந்ததாகத் தோன்றிய காலம் அது. எனினும் சுந்தரம் அய்யங்கார் நிலையான வருவாயை விடுத்துச் சொந்தத் தொழிலில் இறங்கினார்.

பேருந்துப் போக்குவரத்து

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் பெரிய ஊர்களை இரயில் பாதைகள் இணைத்திருந்தன. இரயில் எட்டாத ஊர்களுக்கு மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே துணையாக இருந்தன. அப்போது தனி அரசாக இருந்த புதுக்கோட்டைக்கும் இரயில் பாதை வந்திருக்கவில்லை. 1912 ஆம் ஆண்டு தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே சுந்தரம் அய்யங்கார் பேருந்துகளை இயக்கினார். பின்னர் மதுரை இவரது போக்குவரத்துத் தொழிலின் மையமாயிற்று.

பேருந்துகளையும் சுமையுந்துகளையும் இயக்கும் பணி சதர்ன் ரோட்வேஸ் என்ற நிறுவனத்தின் கீழ் விரிவடைந்தது. மதுரையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் டி.வி.எஸ். பேருந்து என்பது பொதுமக்களிடையே நன்கு அறிமுகமான பெயராக விளங்கியது. குறித்த நேரத்தில் புறப்படுவதும் குறித்த நேரத்தில் சென்று சேர்வதும் இப்பேருந்துகளின் சிறப்பாகப் போற்றப்பட்டன. பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்வர் என்ற பேச்சு மதுரைப் பகுதியில் நெடுங்காலம் வழங்கி வந்தது.

இப்பேருந்துப் பணி இவர் மறைவுக்குப் பின்னும் தொடர்ந்தது. தமிழக அரசு தனியார் பேருந்துத் தடங்களை நாட்டுடைமையாக்கிய போது, 1972 ஆம் ஆண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. டி.வி.எஸ். பேருந்துகள் அக்கழகத்துடன் சேர்ந்தன.

வண்டிகளைப் பேணுதல்

நேரந்தவறாமைக்கு ஓட்டுநரின் திறமை மட்டும் போதாது. நடுவழியில் பழுதாகி நின்ற பேருந்தை மீட்க அக்காலத்தில் எளிய வழி எதுவும் இல்லை. அடுத்த ஊர் பல கல் தொலைவில் இருக்கும். வேண்டிய உறுப்பு கடல் கடந்து வர வேண்டியிருக்கும். ஆகவே, பழுது ஏற்பட்ட பின் சரிசெய்வதை விட, ஏற்படும் முன்பே வண்டியைச் சோதித்துத் தேய்ந்த உறுப்பை மாற்றுவதே பேருந்துத் தொழிலுக்கு ஏற்ற முறையாக அமைந்தது. இதற்குப் பணிமனைகளும், பயிற்சி பெற்ற பணியாளர்களும், இருப்பில் வைக்கப்பட்ட உதிரிப் பாகங்களும் தேவைப்பட்டன.

சாலைகளின் நிலையும் இடையூறாக இருந்தது. மாடுகளின் லாடங்களிலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் பேருந்துச் சக்கரங்களின் டயர்களைத் துளைத்தன. இதனைத் தவிர்க்கக் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் முன்னதாக ஓடச் செய்து ஆணிகளை அகற்றினார் என்று இவரைப் பற்றிக் கூறப்படுவதுண்டு. வண்டியைப் போலவே அது செல்லும் வழியையும் கவனித்தவர் என்பதற்கு எடுத்துக்காட்டாக இச்செய்தி சொல்லப்படுகிறது.

பேணுதலில் பிரேக்கின் இடம் தனியானது. இயந்திரம் பழுதானால் வண்டி நின்றுவிடும். பிரேக் பழுதானால் வண்டி நில்லாது. அக்காலப் பேருந்துகளிலும் தானுந்துகளிலும் டிரம் பிரேக்குகளே பயன்பட்டன. சக்கரத்துடன் சுழலும் உருளையின் உட்புறத்தில் பிறை வடிவிலான இரண்டு ஷூக்கள் அழுந்தி வேகத்தைக் குறைக்கும். அந்த ஷூக்களின் மேல் ஆணியடித்துப் பொருத்தப்படும் லைனிங் உராய்வினால் தேய்ந்துகொண்டே வரும். அதனைக் காலத்தில் மாற்றாவிட்டால் உலோகத்தின் மேல் உலோகம் உரசும். லைனிங் மாற்றுவது பணிமனையில் மட்டுமே செய்யத்தக்க வேலையாக இருந்தது.

தானுந்து விற்பனையும் உதிரிப் பாகங்களும்

பேருந்துத் தொழிலில் பெற்ற அறிவு இவரது அடுத்த முயற்சிகளுக்கு வழிவகுத்தது. சுந்தரம் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளை விற்பனை செய்தது. 1950களில் இது இந்தியாவில் அந்நிறுவன வண்டிகளின் மிகப் பெரிய விற்பனையாளராக விளங்கியது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் நிறுவனம் உதிரிப் பாகங்களின் விற்பனையில் ஈடுபட்டது. சென்னையில் இக்குழுமத்தின் அலுவலகம் மவுண்ட் ரோடு எனப்பட்ட இன்றைய அண்ணா சாலையில் அமைந்தது. அதன் அருகிலுள்ள பேருந்து நிறுத்தமும் டி.வி.எஸ். நிறுத்தம் என்றே பெயர் பெற்றது.

வண்டியை விற்பதுடன் விற்பவரின் பொறுப்பு முடிவதில்லை என்பது இத்தொழிலின் அடிப்படையாக இருந்தது. வாங்கியவருக்கு ஆண்டுதோறும் தேய்மான உறுப்புகள் தேவைப்படும். அவை கிடைக்காவிடில் விலையுயர்ந்த வண்டியும் கொட்டகையில் முடங்கும். ஆதலால் விற்பனை, பணிமனை, உதிரிப் பாகங்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலம்

இரண்டாம் உலகப் போரின் போது (1939–1945) சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பேருந்துத் தொழில் முழுவதுமே நின்றுபோகும் நிலை உருவானது. அப்போது சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியை உற்பத்தி செய்யத் தொடங்கினார்.

இத்தகைய கருவிகள் கரியைக் குறைந்த அளவு காற்றில் எரித்து, அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை எரிபொருளாகத் தந்தன. அவ்வாயு குளிர்விக்கப்பட்டு, சாம்பலும் தூசும் வடிகட்டப்பட்ட பின் இயந்திரத்துக்குள் செலுத்தப்பட்டது. பெட்ரோலில் கிடைக்கும் ஆற்றல் இதில் கிடைக்காது. புறப்படும் முன் கரியை மூட்டிக் காத்திருக்கவும் வேண்டும். எனினும் பேருந்துகள் ஓடின.

டயர்களுக்கும் பற்றாக்குறை இருந்தது. இதனை எதிர்கொள்ளத் தேய்ந்த டயர்களின் மேற்பரப்பில் புதிய இரப்பர் ஏற்றும் தொழிற்சாலை ஒன்றை இவர் நிறுவினார். இறக்குமதியை மட்டும் நம்பிய தொழில் எவ்வளவு எளிதில் முடங்கும் என்பதைப் போர் உணர்த்தியது. உள்ளூரிலேயே பொருளை உருவாக்க இயலும் என்பதையும் இக்குடும்பம் இக்காலத்தில் கண்டது.

குடும்பம்

சுந்தரம் அய்யங்காரின் மனைவி இலட்சுமி அம்மாள். மகன்களுள் டி. எஸ். இராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் தந்தையின் தொழிலை முன்னெடுத்தனர்.

மகள் டி. எஸ். சௌந்தரம் (1904 – 1984) இளம் வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டு, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டுக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும் என்ற வழக்கம் வலுவாக இருந்த காலத்தில், பெற்றோர் அவரது கல்விக்கு ஆதரவாக நின்றனர். அவர் தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 ஆம் ஆண்டு மருத்துவரானார்.

தில்லியில் காந்தியத் தொண்டரான ஜி. இராமச்சந்திரனை அவர் சந்தித்தார். இருவரும் மணந்துகொள்ள விரும்பினர். மறுமணமாகவும் கலப்பு மணமாகவும் இருந்த இதற்குப் பெற்றோர் தொடக்கத்தில் இசையவில்லை. மகளைப் படிக்க வைக்கத் துணிந்த குடும்பத்துக்கும் இது கடினமான சோதனையாக அமைந்தது. மகாத்மா காந்தியின் அறிவுரைப்படி இருவரும் ஓராண்டு பிரிந்திருந்தனர். அதன் பின்னும் அவர்கள் உறுதியாக இருந்ததால், 1940 ஆம் ஆண்டு சேவாகிராமத்தில் காந்தியே முன்னின்று திருமணத்தை நடத்தி வைத்தார். இவ்விருவரும் 1947 ஆம் ஆண்டு திண்டுக்கல்லுக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் இராமச்சந்திரன் சட்டமன்ற உறுப்பினராகவும், பின்னர் நடுவண் அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். 1962 ஆம் ஆண்டு பத்ம பூசண் விருது பெற்றார்.

இறுதிக் காலம்

முதுமையில் சுந்தரம் அய்யங்கார் தொழில் பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். 1954 ஆம் ஆண்டு சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. வண்டி வாங்குவோருக்குத் தவணை முறையில் கடன் வழங்கிய இந்நிறுவனத்தை உருவாக்கியவர் டி. எஸ். சந்தானம் ஆவார். அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28 ஆம் நாள், சுந்தரம் அய்யங்கார் கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

பிரேக் உறுப்புகளின் உற்பத்தி

விடுதலைக்குப் பின் இந்திய அரசு, வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டுவந்து இணைப்பதோடு நின்ற நிறுவனங்களை ஊக்குவிக்கவில்லை. உள்நாட்டில் உற்பத்தி செய்ய வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. இதன் விளைவாக ஜெனரல் மோட்டார்ஸ் 1954 ஆம் ஆண்டு இந்தியாவில் தன் வண்டி இணைப்புப் பணியை நிறுத்தியது. இறக்குமதி வண்டிகளை விற்று வந்த குடும்பத்துக்கு இது பெரிய திருப்பமாக அமைந்தது. மகன்கள் உதிரிப் பாக உற்பத்தியில் இறங்கினர்.

சென்னையின் வடமேற்கே உள்ள பாடியில் அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1962 ஆம் ஆண்டு பிரிட்டன் நிறுவனக் கூட்டுறவுடன் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா, தானுந்துகளுக்கான பிரேக் உறுப்புகளை உற்பத்தி செய்தது. அதே ஆண்டில் பிரிட்டனின் கிளேட்டன் டீவாண்டர் நிறுவனத்துடன் இணைந்து உருவான சுந்தரம் கிளேட்டன், பேருந்துகளுக்கும் சுமையுந்துகளுக்குமான ஏர் பிரேக்குகளைத் தயாரித்தது. 1974 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், உராய்வுப் பொருள்களுக்கென்றே அமைந்த நிறுவனமாகும்.

தரத்திற்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998 ஆம் ஆண்டு சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. இப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் இதுவே. 2001 ஆம் ஆண்டு சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனத்துக்கும் இப்பரிசு கிடைத்தது. சுந்தரம் கிளேட்டனின் ஏர் பிரேக் தொழில் பின்னர் தனி நிறுவனமாகப் பிரிந்து, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் உரிமைக்குச் சென்றது. குடும்பத்தின் பல்வேறு கிளைகள் நடத்தி வந்த நிறுவனங்களின் உடைமை 2022 ஆம் ஆண்டு முறைப்படி பிரிக்கப்பட்டது.

தென் சென்னைப் புறநகரில்

பாடியில் உறுப்பு உற்பத்தி வளர்ந்த காலத்தில், சென்னையின் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வேறு பல மோட்டார் தொழில் முயற்சிகள் நடைபெற்றன. குரோம்பேட்டையில் 1949 ஆம் ஆண்டு சி. இராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் தானுந்துப் பொறியியல் கற்பிக்கப்பட்டது. தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்து உற்பத்தியானது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனத்தின் தொழிற்சாலை 1999 முதல் 2022 வரை தானுந்துகளை உற்பத்தி செய்தது. மதுரை உள்ளிட்ட தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளுக்காக 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது.

தாம்பரம், குரோம்பேட்டை, முடிச்சூர் பகுதிகளில் இன்று பல வீடுகளில் தானுந்து உள்ளது. தற்காலத் தானுந்துகளின் முன்சக்கரங்களில் பொதுவாக டிஸ்க் பிரேக்குகளே உள்ளன. சக்கரத்துடன் சுழலும் வட்டத் தகட்டைக் காலிப்பரில் உள்ள இரண்டு பேடுகள் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும். எஃகுத் தகட்டின் மேல் உராய்வுப் பொருளை ஒட்டி உருவாக்கப்படுவது பேடு ஆகும். பிரேக் பிடிக்கும் போது வண்டியின் பளு முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களே பெரும் பங்கு வேலையைச் செய்கின்றன. எனவே முன்பக்கப் பேடுகள் விரைவில் தேய்கின்றன. முன்னர் உராய்வுப் பொருளில் கல்நார் பெருமளவில் சேர்க்கப்பட்டது. அதன் தூசு நுரையீரல் நோய்களை விளைவிப்பது தெரியவந்ததால் கல்நார் இல்லாத கலவைகள் புழக்கத்துக்கு வந்தன.

லைனிங் மாற்றுவதைப் போலன்றி, பேடு மாற்றுவது உரிய கருவிகள் உள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையாகும். சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின் ஜாக்கியால் உயர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கி வைப்பது கட்டாயமாகும். காலிப்பரைக் கழற்றும்போது அதனை ரப்பர் குழாயில் தொங்க விடக்கூடாது. புதிய பேடுகள் தடித்தவை என்பதால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அப்போது பிரேக் ஆயில் கலத்தில் மட்டம் உயர்வதைக் கவனிக்க வேண்டும். இருபுறச் சக்கரங்களிலும் ஒரே நேரத்தில் பேடுகளை மாற்றுவது முறையாகும். ஒருபுறம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி, அது இறுகுவதை உறுதி செய்ய வேண்டும். இதனை மறந்தால் முதல் முறை பிரேக் பிடிக்காது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. இவ்வாறு நீரில் நின்ற வண்டிகளில் காலிப்பரின் நகரும் ஊசிகள் துருப்பிடித்து இறுகுவதுண்டு. அவ்வாறு இறுகினால் ஒரு பேடு மட்டும் விரைவில் தேயும். புதிய பேடு வாங்குவதோடு நில்லாமல் அந்த ஊசிகளைத் தூய்மை செய்து, அதற்குரிய கிரீசு இடுவது தேவையாகிறது.

வீட்டு வாசலில் நடைபெறும் இவ்வேலை, பெட்டியில் வரும் உறுப்பு அளவிலும் தரத்திலும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையைச் சார்ந்தது. சென்னையில் உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புறநகர்க் கடைகளிலும் எண்ணற்ற வண்டிகளுக்கான பேடுகள் கிடைக்கின்றன. போலி உறுப்பு கலந்துவிட்டால் அந்த நம்பிக்கை உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

நினைவு

மதுரையில் டி.வி.எஸ். நகர் என்ற குடியிருப்புப் பகுதி இக்குழுமத்தின் பெயரால் வழங்குகிறது. இரு சக்கர வண்டிகளாலும் இப்பெயர் நாடெங்கும் அறிமுகமாகியுள்ளது. ஆனால் அவை சுந்தரம் அய்யங்காரின் மறைவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்தவை. அவர் தம் வாழ்நாளில் பிரேக் எதையும் உற்பத்தி செய்யவில்லை. தேய்ந்த உறுப்பைக் காலத்தில் மாற்றும் வழக்கத்தையும், அதற்குரிய பாகத்தைத் தேடும் இடத்தில் கிடைக்கச் செய்யும் வணிகத்தையும் தமிழகத்தில் வேரூன்றச் செய்ததே அவரது பங்களிப்பாகும்.